ஆவணியில் வந்த தண்ணீர்

எலுமிச்சை மரம் பூக்க வேண்டுமானால் முதலில் அதைப் பட்டினி போட வேண்டும். ஒரு மாதம் போலச் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. இலை வாடிச் சுருண்டு, கொஞ்சம் உதிரவும் வேண்டும். பிழைப்போமா மாட்டோமா என்ற நிலைக்கு மரம் வந்த பிறகு, முதலில் கொஞ்சமும் அப்புறம் நிறையவும் தண்ணீர் விட்டால் கிளை கொள்ளாமல் பூக்கும். தோட்டக்கலை அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி இதை ரசம் வைக்கிற பக்குவம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பாவம் புள்ள அது," என்றார்.

அவர் அப்படித்தான். தனக்குத் தாகம் எடுத்தால் மோட்டாரைப் போட்டுவிடுவார். தனக்கு வியர்த்தால் மரத்துக்கும் வியர்க்கும் என்பது அவருடைய விவசாய ஞானம். வெள்ளகோவில் பக்கத்தில், செம்மண்ணும் சரளைக் கல்லுமாக எங்கள் தோட்டம். அதில் பத்து வருடத்துக்கு முன்னால் எலுமிச்சை வைத்து, பெற்ற பிள்ளையைப் போலத் தண்ணீர் ஊற்றியே வளர்த்திருந்தார். மரங்களும் கொழுகொழுவென்று வளர்ந்து, மழைக்காலத்தில் யாருக்கும் வேண்டாத நேரத்தில் மூட்டை மூட்டையாகக் காய்த்துத் தள்ளின. ஊரே எலுமிச்சைச் சாறு கேட்கிற சித்திரையில் மட்டும் ஒன்றும் தெரியாதவை போலச் சும்மா நின்றன.

நான் முப்பது வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், இவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் என் சம்பளம். குறை கண்டுபிடிப்பதைக் கம்பெனியில் திறமை என்றார்கள், வீட்டில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்டு வந்தபோது எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். டி.வி. பார்க்கப் பொறுமை கிடையாது. ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குள் போய் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடியது. இலைக்குள்ளேயே ஒரு புழு சுரங்கம் போட்டிருந்தது. அடுத்த இலையில் பழுப்பு நிறத்தில் சொறி. அதற்கடுத்த கொழுந்தில் காக்கை எச்சம் மாதிரி ஏதோ இருந்தது, குச்சியால் தொட்டால் நெளிந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி அடிப்பது, சொறி பிடித்த குச்சியை வெட்டி எரிப்பது, புழுவைப் பொறுக்குவது என்று என் நாள் போனது. பூச்சியும் நோயும் இத்தனை வரக் காரணம் என் வீட்டுக்காரரின் பாசம்தான் என்பது எனக்குச் சீக்கிரம் புரிந்தது. தண்ணீர் கண்டபோதெல்லாம் மரம் கொழுந்து விட்டது, கொழுந்து விட்டபோதெல்லாம் பூச்சிக்கு விருந்து.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவது ஒரு மரியாதை. மகள் ஒருமுறை பட்டர் ஃப்ரூட் நாற்று இரண்டு கொண்டுவந்து வாசலில் நட்டாள். இந்த வெயிலுக்கு வராது என்று நர்சரியிலேயே சொல்லித்தான் கொடுத்தார்களாம். ஆனால் அது வெயிலில் சாகவில்லை. ஒரம்பரையாக வந்து விருந்து சாப்பிட்டு எழுந்த ஒவ்வொருவரும் அங்கேதான் கை கழுவினார்கள், கழுவிவிட்டு மிச்சச் சொம்பையும் அதன் காலடியில் கவிழ்த்து, "செடி நல்லா வருதுங்க," என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். இரண்டே மாதத்தில் வேர் அழுகிச் செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்றிருந்தது.

போன வருடம் ஆடி மாதம் என் வீட்டுக்காரர் ஒரு முடிவோடு வந்தார். எலுமிச்சையைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைத்துவிடலாம் என்றார். அக்கம்பக்கத்துத் தென்னையெல்லாம் வெள்ளை ஈ அப்பி, ஓலை கரி பூசினதுபோல் கறுத்து நிற்கிறதே என்று கேட்டேன். "தென்னைன்னா காத்து அடிச்சாலும் பாக்க அழகா இருக்கும் புள்ள," என்றார். அழகுக்கு மறுபேச்சுச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மரங்கள் போனால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? வெளியே அதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு வருடம் கேட்டேன். ஆவணியில் பட்டினி போட்டு, புரட்டாசியில் பூக்க வைத்து, சித்திரையில் காய் காட்டுகிறேன் என்றேன். சித்திரையில் காய் இல்லையென்றால் வைகாசியில் பொக்லைன் வரட்டும். அவர் மனசில்லாமல் தலையாட்டினார்.

ஆவணி பிறந்ததும் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் காற்று பேயாய் அடிக்க, இலைகள் மெல்ல மடிந்தன. அதோடு விசாரிப்பு தொடங்கியது. எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். கேட்டால் நம் மனசு நோகும் என்று பயம். தோட்டங்களுக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதையில் வருகிறவர்கள் வேலியோரம் வண்டியை நிறுத்தி, "மோட்டாருக்கு நல்ல மெக்கானிக் ஒருத்தரு எனக்குத் தெரியுமுங்க," என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். சோமனூரில் தறி ஓட்டுகிற என் நாத்தனார் போனில் கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "அண்ணன் வேளாவேளைக்கு ஊட்டுல சாப்புடறாங்களா?" என்று கேட்டாள். எங்களுக்குள் சண்டை, அதனால்தான் தோட்டம் காய்கிறது என்று சேதி அங்கே வரைக்கும் போயிருந்தது.

என் வீட்டுக்காரரோ திருட்டுத்தனத்தில் இறங்கியிருந்தார். வீட்டுக்கு நேர் எதிரே இருந்த ஒரு மரம் மட்டும் விறைப்பாக, பச்சைப்பசேலென்று நின்றது. சுற்றி இருந்த மரமெல்லாம் காதைத் தொங்கப் போட்டிருக்க, இது மட்டும் எப்படி என்று மறைந்திருந்து பார்த்தேன். குளிக்கிற சாக்கில் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் அதன் காலடியில் ஊற்றிவிட்டு, அதைத் தட்டியும் கொடுத்தார். நான் வெளியே வந்ததும், "குடம் ஓட்டை புள்ள," என்றார். குடத்தை வாங்கிப் பார்த்தேன். ஓட்டை கண்டுபிடிப்பதில் எனக்கிருந்த அனுபவத்தை அவர் மறந்துவிட்டார்.

பதினெட்டாவது நாள் சிங்காநல்லூரில் ஒரு காதுகுத்து. போகாமல் இருக்க முடியாத உறவு. அவரைத் தனியாக விட்டால் தோட்டத்தைக் குளமாக்கிவிடுவார் என்று அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தால் போதும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வந்து இறங்கினோம். தோட்டம் முழுக்கத் தண்ணீர். மரத்துக்கு மரம் தளும்பி நின்றது. வரப்பின் மேல் கையில் மண்வெட்டியும் முழங்கால் வரைக்கும் சேறுமாகப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"சொல்லாமச் செஞ்சுபோட்டனுங்க அம்மணி. நீங்களா வாய் உட்டுக் கேக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க. வாய்க்கா மொற இன்னைக்கு நம்முளுதுங்க. காலையில இருந்து இக்கட்டால உங்க பக்கமே திருப்பி உட்டுட்டேன்."

வாய்க்கால் கடைசியில் இருக்கிற எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்தாலும் முறை வைத்து, மணிக்கணக்குப் பார்த்துத்தான் கிடைக்கும். அதை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மாடுகளுக்காக விதைத்திருந்த சோளத்தட்டு வெயிலில் சுருண்டு கிடந்தது. அதற்கு ஒரு சொட்டுக்கூட விடாமல் எங்களுக்கு விட்டிருக்கிறார். எங்கள் போர் வற்றிவிட்டது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

பாதிப் பட்டினியில் தண்ணீர் கண்டால் மரம் பூக்காது, தழைக்கத்தான் செய்யும். என் ஒரு வருடம் அந்தச் சேற்றில் கிடந்தது. கம்பெனியில் எத்தனையோ டெய்லர்களை நிற்க வைத்துக் கிழித்தவள் நான். வாயைத் திறந்தேன்.

"காபி குடிச்சிட்டுப் போங்ணா," என்றேன்.

என் வீட்டுக்காரர் அதற்கு மேலே போய், "இந்த உதவியை எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டமுங்க," என்று கும்பிட்டார். அது உண்மைதான். அண்ணன் குடித்துவிட்டுப் போனதும் நான் சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். யார் மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. திட்டுவதற்கு ஒரு கெட்ட மனுசன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பத்தே நாளில் தோட்டம் முழுக்கத் தளதளவென்று கொழுந்து. அதைப் பார்த்து இட்டேரியில் போனவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இலைச் சுரங்கப் புழுவும் சந்தோஷப்பட்டது. காலையில் புழுப் பொறுக்கப் போனால் நிமிர மதியம் ஆகும். நாலைந்து மரங்களில் அடித்தண்டு வெடித்துப் பிசின் வடிந்தது. தண்ணீர் தேங்கினால் வருகிற நோய் அது. பட்டையைச் சுரண்டிவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துப் பூசினேன். நீலக் கால்சட்டை போட்டதுபோல் அவை வரிசையாக நின்றன.

ஆனால் மேட்டு ஓரத்தில் இரண்டு வரிசை இருந்தது. வாய்க்கால் தண்ணீருக்கு மேட்டில் ஏறத் தெம்பில்லை. அந்த இரண்டு வரிசையை மட்டும் நான் சொன்ன நாள் வரைக்கும் காயப் போட்டு, அதிகாரி சொன்னபடியே முதலில் கொஞ்சமும் பிறகு நிறையவும் சொட்டுநீர் விட்டேன். புரட்டாசி பாதியில் ஒரு காலையில் மேட்டுக்குப் போனபோது வாசம் முதலில் வந்தது. இலையே தெரியாமல் பூ. மரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன், திரும்பவும் சுற்றினேன். ஒரு குறைகூடக் கண்ணில் படவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

சித்திரையில் அந்த இரண்டு வரிசையும் கிளை ஒடியக் காய்த்தன. கீழே மற்ற மரங்களில் வடைக்குப் பிழியக்கூட ஒன்று கிடையாது. நன்றிக்கடனாக, நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு பை நிறைய அந்த அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை இட்டேரி வழியாக வந்து வேலியோரம் நின்று பேசுவார். அப்போது சில மாதமாக அந்தப் பக்கம் காணோம். மாட்டுக்குத் தீவனம் தேடி அலைகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சோளத்தட்டு காய்ந்தால் அலையத்தானே வேண்டும். அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

என் வீட்டுக்காரர் நேர்மையான மனிதர். இரண்டு வரிசையையும் நடந்து பார்த்துவிட்டு, "நீ சொன்னது நெசந்தான் புள்ள," என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் மரம் இருக்கட்டும், இந்த ஆவணியில் தோட்டம் முழுக்கச் செய்யலாம் என்றேன். அப்போதுதான் அவர் தலையைச் சொறிந்தார்.

"இந்தத் தடவையும் அவரு தண்ணி உட்டுப்போட்டா?"

"உட வேண்டாம்னு முன்னாலயே சொல்லிருவோம்."

"சொன்னா அவருக்குத் தெரிஞ்சு போகாதா? போன வருசம் உட்டதும் தப்புன்னு?"

"தெரியட்டுமே."

அவர் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மாட்டுக்குத் தீனி இல்லாமப் பண்ணி நமக்குத் தண்ணி உட்ட மனுசன். அவருகிட்டப் போயி, நீங்க உட்டதாலதான் நாங்க கெட்டோம்னு சொல்றதா? மரத்தைப் புடுங்கினாலும் புடுங்குவேன், அதைச் சொல்ல மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமைக்குப் பொக்லைன்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு ஒரு தோட்டத்தையே வேரோடு பிடுங்கக்கூடிய ஆட்கள் வேறு எந்தச் சீமையிலாவது இருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சீமையில் இது நல்ல குணத்தில் சேர்த்தி. நான் மட்டும் என்ன, அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்தவள்தானே.

திங்கள்கிழமை நானே போனேன். அண்ணன் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளி கையிலேயே நின்றது. "வாங்க அம்மணி, வாங்க," என்று கட்டிலைத் துடைத்துப் போட்டார். அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனது. வெயிலைப் பற்றிப் பேசினோம். என் முழங்காலைப் பற்றிப் பேசினோம். மாடு ஒவ்வொன்றும் எத்தனையாவது ஈற்று என்று விசாரித்தேன். மூன்று முறை "அண்ணா" என்று ஆரம்பித்து மூன்று முறையும் மோரைக் குடித்தேன். சொம்பு காலியானது. இனி குடிக்க ஒன்றுமில்லை.

"அண்ணா, ஆவணியில நாங்க வேணும்னுதான் தண்ணிய நிறுத்தியிருந்தமுங்க. அப்பத்தான் பூக்கும்னு. போர்ல தண்ணி இருந்துச்சுங்க. முன்னாலயே உங்ககிட்டச் சொல்லாதது எங்க தப்புங்க."

அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பொரட்டாசியிலயே தெரியுமுங்க அம்மணி."

காலிச் சொம்பைத் திரும்பவும் கையில் எடுத்தேன்.

"பூ வாசம் அடிச்சுதுங்க. வேலிகிட்ட வந்து பாத்தேன். எந்தண்ணி ஏறாத மேட்டுல மட்டும் பூத்திருந்துச்சு. நானும் வெவசாயம் பண்ற காட்டுக்காரன்தானுங்களே, புரியாதுங்களா? நீங்க வந்து நாலு வார்த்தை திட்டுவீங்க, திட்டினா மனசு ஆறிப்போகும்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீங்க வரலை. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த இட்டேரியில வாரதுங்க? சித்திரையில பழம் வேற குடுத்தனுப்பினீங்க." உள்ளே கை காட்டினார். "ஒண்ணு கூடத் தொடலீங்க. இவளும் தொடலை. எல்லாம் காஞ்சு கருவாடாக் கெடக்குது."

நான் பண்பென்று நினைத்துக் கொடுத்ததெல்லாம் எட்டு மாதமாக இந்த வீட்டில் தண்டனையாக இருந்திருக்கிறது.

"ஒரு தடவை திட்டிப்போடுங்க அம்மணி," என்றார். கெஞ்சுகிற குரல். "அன்னைக்குக் காபி குடுத்தீங்க பாருங்க, அதைத்தானுங்க தாங்க முடியலை."

எழுந்து நின்றேன். முதல் வார்த்தை வரத்தான் கஷ்டமாக இருந்தது. "ஏனுங்ணா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா?" என்று தொடங்கினேன். அதற்கப்புறம் தானாக வந்தது. அடுத்தவன் தோட்டத்தில் கேட்காமல் மடை திறக்க யார் சொன்னது, வீட்டுக்காரர் குடத்தில் திருட்டுத்தனமாக ஊற்றுவதற்குக்கூடக் காவல் இருந்து பதினெட்டு நாள் நான் பட்ட பாடு என்ன தெரியுமா, புழுப் பொறுக்கி என் இடுப்பு போனதற்கு யார் பதில் சொல்வது, வாயில்லாத மாட்டின் தீனியைக் காயப் போட்டுவிட்டு வள்ளல் வேஷம் எதற்கு என்று கத்தினேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் கத்தினேன். இருந்தாலும் மாடுகள் மிரண்டன. அவர் சம்சாரம் வாசற்படியில் வந்து நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் மூச்சு வாங்கி, என்ன சொல்வதென்று தெரியாமல், "எங்களுக்காக ஒருத்தரும் இப்படிச் செஞ்சதில்லீங்ணா," என்றும் கத்திவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ரொம்ப நேரம் துண்டை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், சொல்லிவிட்டாயா என்று கண்ணாலேயே கேட்டார். திட்டிவிட்டு வந்தேன் என்றேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்த மனுசனையா?" என்றார். அன்று இரவு என்னோடு பேசவில்லை, சாப்பிட்டாரே தவிர.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இட்டேரியில் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்த அண்ணன் வேலியோரம் வந்து நின்று, "ஏனுங்க, அம்மணி இருக்குதுங்களா? இந்த ஆவணிக்கு நானும் கூடக் காவலுக்கு வாரனுங்க. உங்களை நம்ப முடியாதாமே, கொடத்துல கொண்டுபோயி ஊத்துவீங்களாமே," என்று உரக்கச் சிரித்தார். என் வீட்டுக்காரர் வாயில் நுரையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து, பொக்லைன்காரருக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாமுங்க என்றார்.